குளூட்டன் இல்லாத வஹாக்கா டாக்கேரியா: மகள் சாப்பிடலாம், மகன்?

கேள்வி இதுதான். சமீபத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்த குடும்பம். ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய்; கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலைச் சேதப்படுத்தும். ஐந்து வயது மகனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாது. தீவிர ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசி அம்மாவின் கைப்பையில் எப்போதும் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மாநிலச் சமையல் செய்யும் ஒரு டாக்கேரியா, அதாவது டாக்கோ கடை, திறந்திருக்கிறது. "எங்கள் சமையலறை முழுவதும் குளூட்டன் இல்லாதது" என்று வாசலிலேயே பலகை. நான்கு பேரும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடியுமா, என்ன கேட்க வேண்டும், எதைத் தொடக் கூடாது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு அது அநேகமாக நல்ல கடை. மகனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கோதுமை டோர்ட்டியா, அதாவது சப்பாத்தி மாதிரியான ரொட்டி, சுட்டு அடுக்கும் சாதாரண வட மெக்சிகோ சொனோரா பாணி சுட்ட இறைச்சி உணவகம் ஒன்று அவனுக்கு இதைவிடப் பாதுகாப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பலகையில் எழுதியிருப்பது ஒரே ஒரு பொருளைப் பற்றிய உறுதி. வஹாக்காச் சமையலோ கடலை, எள், பாதாம் எல்லாவற்றையும் வறுத்து அரைப்பதில் பெயர் வாங்கியது. ஆகவே ஒரே கடையில் இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு தனி விசாரணை நடத்த வேண்டியிருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. படித்த காலத்தில் இரண்டு வருஷம் ஒரு மெக்சிகன் உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கி சால்சா அரைப்பது வரை வந்தேன். பிறகு என் மனைவிக்குச் சீலியாக் என்று தெரிந்தபோது, அங்கே நாங்கள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து வயிறு கலங்கியது. நான் மருத்துவன் இல்லை. உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாறாக இதில் ஏதாவது இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

முதலில் மகளைப் பார்ப்போம், அது சுலபம். டோர்ட்டியாவில் இறைச்சியோ வேறு எதுவோ வைத்து மடித்தால் டாக்கோ; மெக்சிகோவில் அது ஊருக்கு ஊர் வேறு. வடக்கே சொனோரா, சிவாவா, நுவேவோ லியோன் பக்கம் டோர்ட்டியா என்றால் பெரும்பாலும் கோதுமை. தெற்கே வஹாக்காவிலும் யுகத்தானிலும் மக்காச்சோளம்தான். உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைத்தால் வருவது மாசா என்கிற மாவு. சுண்ணாம்பு என்றால் நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அது தோலைக் கழற்றுகிறது, மாவை ஒட்ட வைக்கிறது, மக்காச்சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை விடுவிக்கிறது. மாசாவில் கோதுமைக்கு வேலையே இல்லை. அதனால் வஹாக்காக்காரர் ஒருவர் குளூட்டன் இல்லாத கடை போடுவதற்குப் பாட்டி சமையலை மாற்ற வேண்டிய அவசியம் அதிகம் கிடையாது. குளூட்டன் இல்லாத இத்தாலியன் கடையில் மாற்றுப் பொருளைத் தின்கிறோம் என்ற உணர்வு எப்போதும் இருக்கும். இங்கே அசலையே தின்னலாம். என் மனைவி மெக்சிகன் சமையலைக் கொண்டாடுவதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் சில இடங்களில் கோதுமை சத்தமில்லாமல் நுழையும். அமெரிக்காவில் மக்காச்சோளமும் கோதுமையும் கலந்த டோர்ட்டியா விற்கிறார்கள். மடித்தால் உடையாது, பார்வைக்கு மக்காச்சோள டோர்ட்டியா மாதிரியே இருக்கும். இறைச்சி ஊறவைக்கும் மசாலாவில் சோயா சாஸ் ஊற்றுவது சகஜம். சாதாரண சோயா சாஸ் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது. சிவப்பு சோற்றில் போடும் சிக்கன் பவுடர், சோரிசோ என்ற மசாலா சாசேஜில் சேர்க்கும் ரொட்டித்தூள், கடையில் வாங்கும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுது ஆகியவற்றின் உறையைப் படித்தாக வேண்டும். நம் வீட்டில் கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறதா என்று பார்க்கப் பழகியிருப்பீர்கள். அதே பழக்கம் இங்கேயும் உதவும். பார்லியில் செய்யும் 'செபாதா' என்ற பானமும் உண்டு. அரிசிப் பானமான ஓர்ச்சாத்தா போலவே வெள்ளையாக இருக்கும்.

கடையே முழுக்கக் குளூட்டன் இல்லாதது என்றால் இவற்றில் பெரும்பாலானவற்றை அவர்களே சலித்திருப்பார்கள். எனவே நீங்கள் உறுதி செய்ய வேண்டியது பலகையின் வார்த்தையைத்தான். "சமையலறை முழுவதும்" என்பதும் "குளூட்டன் இல்லாத உணவுகள் கிடைக்கும்" என்பதும் வேறு வேறு. இரண்டாவது வகைக் கடையில் ஒரே கோமாலில், அதாவது நம் தோசைக்கல் மாதிரியான கல்லில், கோதுமை டோர்ட்டியாவுக்கு அடுத்தபடியாக மக்காச்சோள டோர்ட்டியா சூடாகும். என் மனைவி முதல் வருஷத்தில் இரண்டு முறை படுத்தது இப்படித்தான். இரண்டுமே பெயர் சொல்லத் தேவையில்லாத, நல்லெண்ணம் உள்ள கடைகள். பொரிக்கும் எண்ணெயும் அப்படியே. பாஹா கலிஃபோர்னியா பாணியில் பீர் கலந்த மாவில் தோய்த்த மீனைப் பொரித்த எண்ணெயில் மக்காச்சோளச் சிப்ஸைப் பொரித்தால் அந்தச் சிப்ஸ் மகளுக்கு ஆகாது. சூடு குளூட்டனை அழித்துவிடாது.

அளவு பற்றி ஒரு கணக்கு சொன்னால் பயம் கொஞ்சம் தெளியும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் வகுத்த விதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' என்று போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாகக் குளூட்டன் இருக்க வேண்டும். ஒரு டோர்ட்டியா சுமார் 30 கிராம் என்று வைத்தால், ஐந்து தின்றாலும் அந்த உச்ச வரம்பில் 3 மில்லிகிராம்தான் வரும். நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது சீலியாக் நோயாளிகளின் குடல் சேதமானதை 2007இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஐம்பது மில்லிகிராம் என்பது ஒரு ரொட்டித் துண்டில் ஐம்பதில் ஒரு பங்குக்குப் பக்கம். ஆக நீங்கள் அஞ்ச வேண்டியது மாசாவுக்குள் இருக்கும் தடயத்தை அல்ல; பக்கத்து ரொட்டியிலிருந்து விழும் ஒரு தூளை. ரொட்டியே நுழையாத சமையலறை என்றால் அந்தக் கவலையும் பெரும்பகுதி போய்விடும்.

சரி, இப்போது மகன். இங்கேதான் அந்தப் பலகை உங்களை ஏமாற்றிவிடும். பலகை பொய் சொல்லாது. ஆனால் ஆகாத ஒரு பொருளை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிற கடை மற்றதையும் கவனிக்கும் என்று நம் மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பலகையில் அது எழுதியிருக்கவில்லை.

மோலே என்பதைக் குழம்பு என்று மொழிபெயர்ப்பார்கள்; எனக்கு அது நம் வத்தக்குழம்புக்கும் குருமாவுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. வஹாக்காவுக்கு ஏழு மோலே என்று ஒரு கணக்கு உண்டு: நேக்ரோ, ரோஹோ, கொலொரதீத்தோ, அமரீயோ, வேர்தே, சிச்சிலோ, மஞ்சமந்தேலேஸ். இவற்றில் கறுப்பான நேக்ரோதான் ராஜா. சில்வாக்லே என்ற மிளகாயைக் கருக வறுத்து, எள், வேர்க்கடலை, பாதாம், திராட்சை, நேந்திர வாழை மாதிரியான வாழைப்பழம், சாக்லேட், மசாலாச் சாமான்கள் எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்து, பன்றிக் கொழுப்பில் சுருளக் கிளறுவார்கள். கெட்டியாவதற்கு ஒரு துண்டு ரொட்டியோ கருக்கிய டோர்ட்டியாவோ சேரும். குளூட்டன் இல்லாத கடை அந்த ரொட்டியை எடுத்துவிடும். அப்புறம் கெட்டிப்படுத்தும் வேலையை டோர்ட்டியா செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் எள்ளும் கடலையும் செய்ய வேண்டும். மகளுக்காகச் செய்த மாற்றமே மகனுக்குக் கேடாக முடியக் கூடும்.

ரோஹோவிலும் கொலொரதீத்தோவிலும் எள் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமரீயோ, வேர்தே, சிச்சிலோ மூன்றையும் வஹாக்காவில் பொதுவாக மாசா கரைத்துத்தான் கெட்டிப்படுத்துவார்கள். வேர்தேயில் பச்சை இலைகள்தான் சாரம். காகிதத்தில் பார்த்தால் இந்த மூன்றும் உங்கள் மகனுக்குச் சரி. ஆனால் 'வேர்தே' என்ற பெயரை நம்பி வேறு ஊர்க் கடையில் வாங்கிவிடாதீர்கள். புவேப்லா, மத்திய மெக்சிகோ பக்கம் பச்சை மோலே என்றால் பூசணி விதை அரைத்த பிபியானாக இருக்கும். அதில் எள்ளோ கடலையோ சேர்ப்பவர்கள் உண்டு. என்ககவத்தாதோ என்று பட்டியலில் கண்டால் அது முழுக்க வேர்க்கடலைக் குழம்பு, திரும்பிப் பார்க்காமல் நகருங்கள்.

காகிதத்தில் சரி என்றேனே, சமையலறையில் ஏன் சரியில்லை என்பதற்கு நான் பார்த்ததையே சொல்கிறேன். காலையில் மோலே விழுதைக் கோழி ரசம் ஊற்றி மிக்சியில் அடித்துக் கரைப்போம். ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவோம். அடுத்து அதே ஜாடியில் பச்சைத் தக்காளி சால்சா. ஜாடி பளிச்சென்றுதான் இருக்கும். கத்திக்கு அடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் முந்தாநாள் மோலேயும் அங்கே இருக்கும். யாரும் சோம்பேறிகள் இல்லை; குலுக்கினால் சுத்தம் என்பதுதான் அந்த வேலையில் வழக்கம். மிக்சிக்குப் பதில் மோல்காஹேத்தே என்ற எரிமலைக்கல் உரலில் அரைத்துத் தருகிறோம் என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். நுண்துளைகள் நிறைந்த கல் அது. எள் அரைத்த அம்மியை எவ்வளவு கழுவினாலும் வாசம் போகாது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்; இதுவும் அதே கதைதான்.

மோலே விழுதை அங்கேயே அரைக்கிறார்களா என்றும் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் வஹாக்கா மக்கள் ஏராளம். ஊரிலிருந்து விழுதாகவே கிலோக்கணக்கில் வரவழைக்கும் வழக்கம் உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டி வரும் அந்த விழுதுக்கு உறையும் கிடையாது, பொருள் பட்டியலும் கிடையாது. யாரோ ஒரு சித்தி அரைத்தது. சுவை அபாரமாக இருக்கும். உங்கள் மகனுக்கு அதில் ஒரு துளியும் வேண்டாம்.

சால்சாக்களில் முதல் எதிரி சால்சா மாச்சா. வெராக்ரூஸ் பக்கத்துச் சரக்கு: காய்ந்த மிளகாய், பூண்டு, வேர்க்கடலை, எள் எல்லாம் எண்ணெயில் பொரித்து இடித்தது. பார்த்தால் நம் இட்லிப் பொடியில் எண்ணெய் ஊற்றிய மாதிரி. இப்போது பல டாக்கேரியாக்களில் இது நாகரிகமாகிவிட்டது. அதனால் நான் முதலில் சொன்ன சொனோரா உணவகத்திலும் விசாரிக்காமல் உட்காராதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் கிரீம் மாதிரி ஒரு சால்சா வைப்பார்கள். சில கடையில் அது மிளகாயும் பூண்டும் எண்ணெயோடு அடித்தது. சில கடையில் அந்தக் கொழகொழப்பு வேர்க்கடலையால் வருவது. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாச் சால்சாவும் வரிசையாக வைத்து வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் மேசை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாச்சாவில் கிடந்த கரண்டியைப் பச்சைச் சால்சாவில் போட்டுவிட்டுப் போகிற ஆள் உங்களுக்கு முன்னால் வந்து போயிருப்பார்.

பானங்களில் பலர் கோட்டை விடுவார்கள். வஹாக்காவின் குடிக்கும் சாக்லேட்டில் கொக்கோ, சர்க்கரை, பட்டையோடு பாதாமும் சேர்த்து அரைப்பது மரபு. அங்கத்து ஓர்ச்சாத்தாவில் பாதாம் சேரும். மேலே சப்பாத்திக்கள்ளிப் பழமும் பெக்கான் பருப்பும் தூவுவார்கள். உங்கள் மகனுக்கு மரக்கொட்டைகள் பிரச்சினை இல்லை என்று சோதனையில் தெரிந்திருந்தால் இது அவ்வளவு கவலையில்லை. ஆனாலும் பருப்பெல்லாம் ஒரே டப்பா, ஒரே கரண்டி என்று இருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். செம்பருத்தித் தண்ணீர், புளித் தண்ணீர் இரண்டும் எளிமையானவை. புளித் தண்ணீரைக் குடித்தால் பானகம் ஞாபகம் வரும்.

பூச்சி பற்றி ஒரு வார்த்தை, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால். சப்புலினெஸ் என்ற வறுத்த வெட்டுக்கிளி அங்கே பிரபலம். இறால், நண்டு ஆகாதவர்களுக்கு வெட்டுக்கிளியும் ஆகாமல் போகலாம், இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் இருக்கிறது. மெஸ்கால் சாராயத்தோடு ஆரஞ்சுத் துண்டில் தூவித் தரும் சிவப்பு உப்பிலும் அரைத்த கற்றாழைப் புழு இருக்கும். பெரியவர்களில் யாருக்காவது இறால் ஆகாது என்றால் அந்த உப்பையும் ஒதுக்கச் சொல்லுங்கள். மெஸ்காலில் குளூட்டன் இல்லை. ஆனால் சமையலறை குளூட்டன் இல்லாதது என்று எழுதிய கடையே மதுப்பிரிவில் சாதாரண பார்லி பீர் விற்கலாம், அது அவர்கள் வாக்குக்கு முரண் ஆகாது.

சட்டம் உதவுமா என்று கேட்டால், கொஞ்சம்தான். பொட்டல உணவுக்கு அமெரிக்காவில் ஒன்பது ஒவ்வாமைப் பொருட்களை உறையில் குறிப்பிட வேண்டும். எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023 ஜனவரி 1 முதல். உணவகத்தின் தட்டுக்கு அந்தக் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் 2025இல் கையெழுத்தான சட்டம் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகளுக்குத்தான்; உங்கள் பக்கத்து டாக்கேரியா அதில் வராது. இன்னொரு ஓட்டை: உறையில் கோதுமையைச் சொல்வது கட்டாயம், பார்லியும் ரையும் கட்டாயப் பட்டியலில் இல்லை. "கோதுமை இல்லை" என்று கடைக்காரர் உறையைக் காட்டினாலும் மகளுக்கு அது போதாது. நேர்மாறாக, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் 'குளூட்டன் இல்லை' என்ற முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் அந்த முத்திரைக்குள் வர முடியும்.

இனி எப்படிக் கேட்பது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வரிசையில் நின்று கேட்டால் "ஓகே, ஓகே" என்றுதான் பதில் வரும். வாரநாளில் மதியம் மூன்று மணிவாக்கில், கூட்டம் இல்லாதபோது, முதல் தடவை பிள்ளைகள் இல்லாமல் ஒரு நடை போய் வாருங்கள். பரிமாறுபவரிடம் விடாமல் சமைப்பவரிடமே பேசப் பாருங்கள். ஸ்பானிஷில் இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேர்க்கடலை மெக்சிகோவில் 'ககவாத்தே'. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாத்தில் 'தரையின் கொக்கோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் நிலக்கடலை என்பதும் கிட்டத்தட்ட அதே யோசனைதான். எள்ளுக்கு 'அஹோன்ஹோலி'. நல்லெண்ணெய் டின்னில் 'ஜிஞ்ஜெல்லி' என்று போட்டிருக்குமே, இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல். "மி இஹோ எஸ் அலேர்ஹிகோ அல் ககவாத்தே இ அல் அஹோன்ஹோலி. எஸ் க்ராவே." என் மகனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஒவ்வாமை, தீவிரமானது என்று பொருள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஸ்பானிஷில் அச்சடித்த சீட்டு ஒன்றையும் கொடுங்கள், அது அடுப்புப் பக்கம் வரை போகும். வஹாக்காவிலிருந்து வந்த சமையற்காரர்களில் சபொத்தெக் தாய்மொழிக்காரர்கள் உண்டு. அவர்களுக்கும் ஸ்பானிஷ் இரண்டாம் மொழிதான். நிதானமாகப் பேசுங்கள்.

கேள்வியை அமைக்கும் விதம் இன்னும் முக்கியம். ஊரில் யாரிடமாவது "இதில் கோதுமை உண்டா?" என்று கேட்டால் "இல்லையே, ரவைதான்" என்று பதில் வருமே, அது இங்கேயும் நடக்கும். "மோலேயில் அரீனா உண்டா?" என்று, அதாவது மாவு உண்டா என்று, ஒரு கடையில் கேட்டேன். இல்லை என்றார்கள், உண்மையான பதில். உள்ளே போட்டது ரொட்டி. அன்றிலிருந்து "கொன் கே லோ எஸ்பேசன்?" என்றுதான் கேட்கிறேன்: எதைப் போட்டுக் கெட்டிப்படுத்துகிறீர்கள்? ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பொருளின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே மாதிரி "மிக்சி சுத்தமா?" என்று கேட்காமல் "மோலே கரைக்கும் மிக்சியில் வேறு என்னவெல்லாம் அடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். வேறு எண்ணெய்ச் சட்டி உண்டா என்பதற்குப் பதில், "இந்தச் சட்டியில் இன்று காலையிலிருந்து என்னென்ன பொரித்தீர்கள்?" பதில் சொல்பவர் யோசித்து, கண்ணை மேலே உருட்டிப் பட்டியல் போட்டால் நல்ல அறிகுறி. பட்டென்று "எல்லாம் சேஃப்" என்றால் எனக்குச் சந்தேகம் வரும். "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று உள்ளே போகிறவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

விசாரித்ததில் மிக்சி தனி, மோலே ஒரு மூலையில் மட்டும் என்று தெரிந்தால் மகனுக்கு இப்படிச் சொல்லலாம்: புது மாசாவில் தட்டிய டோர்ட்டியா, தசாஹோ என்ற உப்பிட்ட மாட்டிறைச்சி சுட்டது, கெசியோ என்ற நூல்நூலாக உரியும் பாலாடைக்கட்டி, அவகாடோ துண்டு, எலுமிச்சை, உப்பு. சால்சா வேண்டாம். இறைச்சியை எதில் ஊறவைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; தசாஹோவுக்கு உப்பே பிரதானம் என்பதால்தான் அதைச் சொல்கிறேன். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடு என்றால் கறுப்பு பீன்ஸும் கெசியோவும் வைத்த மெமேலா என்ற தடித்த மாசா ரொட்டி போதும், ஆனால் பீன்ஸும் டோர்ட்டியாவும் பன்றிக் கொழுப்பில் புரளும் வழக்கம் உண்டு, சைவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கல்லை அவனுக்காக ஒரு முறை சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள், அல்லது தாளில் சுற்றிச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். மகள் த்லயூதா வாங்கட்டும். பெரிய மொறுமொறு டோர்ட்டியா, ஒன்பது வயதுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவள் மோலே ஆசைப்பட்டால் அந்தத் தட்டு மேசையின் மறுகோடியில் இருக்கட்டும். தம்பி தட்டிலிருந்து அவளும் அவள் தட்டிலிருந்து அவனும் பிய்த்துத் தின்பதை அன்று ஒரு நாள் நிறுத்துங்கள். முதல் தடவை மோலேயே வேண்டாம் என்பது என் யோசனை.

உட்கார்ந்ததும் மேசையை நீங்களே ஈரத் துடைப்பானால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். கை கழுவ சோப்பும் தண்ணீரும். கிருமிநாசினி ஜெல் வேர்க்கடலைப் புரதத்தைப் போக்காது, அது கையிலேயே தங்கிவிடும்.

ஊசி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அது காரில் இருந்தால் பயனில்லை, மேசைக்கு வர வேண்டும். இரண்டாகக் கொண்டு போங்கள். உதடு வீங்கி, கூடவே வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் தொடையில் ஊசி, உடனே 911. உதவி வருவதற்குள் அடங்காவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இரண்டாவது. சரியாகிவிட்டது போல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு. மகளுக்கு இந்த மாதிரி அவசரம் வராது. தப்பு நடந்தால் அன்றிரவோ மறுநாளோ வயிறு சொல்லும், சில பிள்ளைகளுக்கு அதுவும் சொல்லாது. அதனால் மாலையில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அந்தக் கடைக்கு மார்க் போட வேண்டாம்.

மதிய விசாரணையில் மிக்சி ஒன்றுதான், மோலே எல்லாப் பாத்திரத்திலும் புழங்குகிறது என்று தெரிந்தால்? மகளையும் அப்பாவையும் மட்டும் ஒரு நாள் அனுப்புங்கள். நான்கு பேரும் சேர்ந்து போகத்தான் வேண்டும் என்றால், மகனுக்கு வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போக அனுமதி கேளுங்கள். அவனிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், கடையில் போய் டப்பாவைத் திறந்தால் அழுவான். என் அனுபவத்தில் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மறுத்த கடை ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் சமைத்த அம்மாள் வெளியே வந்து, எங்கள் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்துவிட்டு இதில் மஞ்சள் நிறம் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றார்.